மூன்று மில்லிமீட்டர் நகர்வும் ஒரு லட்சம் கோடி ரூபாயும்

மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் இடையே ஏற்கெனவே இருப்புப்பாதை இருக்கும்போது, அதிலேயே வேகமான வண்டியை ஓட்டாமல் புல்லட் ரயிலுக்கென்று 508 கிலோமீட்டருக்குப் புதிய பாதை எதற்கு என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். தொடக்க மதிப்பீடே 1.08 லட்சம் கோடி ரூபாயாக இருந்த திட்டத்தைப் பற்றி இந்த ஐயம் எழுவது இயல்பு. காற்றுத் தடையும் வளைவில் வெளித்தள்ளும் விசையும் வேகத்தின் இருமடிக்கேற்பக் கூடுவதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆனால் செலவுக்கான காரணங்களில் நான் வியந்து ரசிப்பது சக்கரத்தின் வடிவத்தில் இருக்கிறது.

ரயிலின் இடச்சக்கரமும் வலச்சக்கரமும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்டவை; ஒன்று ஒரு முறை சுற்றினால் மற்றதும் ஒரு முறைதான் சுற்றும். வளைவிலோ வெளித் தண்டவாளமே நீளமானது. 4,000 மீட்டர் ஆரமுள்ள வளைவில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 37 சென்டிமீட்டர் கூடுதல். இதை ஈடுகட்டவே சக்கரத்தின் உருளும் பரப்பை, உட்புறம் தடித்தும் வெளிப்புறம் மெலிந்தும் கூம்பாகச் சீவியிருக்கிறார்கள். காகிதக் குவளையைப் படுக்கவைத்து உருட்டினால் அது வட்டமடிப்பதும் இந்த வடிவத்தால்தான். வளைவில் அச்சு சற்றே வெளிப்பக்கம் நகர்ந்ததும் வெளிச்சக்கரம் தன் பெரிய விட்டத்திலும் உட்சக்கரம் தன் சிறிய விட்டத்திலும் உருள்கின்றன. எவரும் திருப்பாமலே வண்டி திரும்புகிறது.

ஆனால் இதே கூம்பு நேர்ப்பாதையில் தொல்லை தருகிறது. ஒரு பக்கம் விலகிய அச்சு நடுவுக்குத் திரும்பும்போது நில்லாமல் மறுபக்கம் போய்விடும். குறைந்த வேகத்தில் தானாக அடங்கும் இந்த நெளிவு, ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் பெருகிக்கொண்டே போய் வண்டியைத் தடம்புரளவும் வைக்கும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமான இறக்கைகளின் அதிர்வை ஆராய்ந்த ஜப்பானியப் பொறியாளர் மட்சுதைரா, பின்னர் ஜப்பானிய ரயில்வே ஆய்வுக்கூடத்தில் இந்தச் சிக்கலைக் கணிதமாகவும் சோதனையாகவும் அவிழ்த்தார். கூம்பின் வழக்கமான 1:20 சாய்வுக்கு (20 மில்லிமீட்டர் அகலத்துக்கு 1 மில்லிமீட்டர் சரிவு) மாறாக, ஜப்பானின் அதிவேக ரயிலான ஷின்கான்செனின் சக்கரத்துக்கு 1:40 என்ற மென்சாய்வு தேர்ந்தெடுக்கப்பட்டது.

சாய்வு குறைந்தால் நெளிவு அடங்கும், திரும்பும் திறனும் குறையும். 4,000 மீட்டர் வளைவுக்கு அச்சு சுமார் 3 மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும். 400 மீட்டர் வளைவுக்கு 30 மில்லிமீட்டர் நகர வேண்டும். அவ்வளவு இடைவெளி அங்கே இல்லாததால் சக்கர விளிம்பு தண்டவாளத்தில் உராயும். எனவே அதிவேகப் பாதையால் ஊரையும் குன்றையும் சுற்றிக்கொண்டு போக முடிவதில்லை. மும்பைப் பகுதியில் 21 கிலோமீட்டர் சுரங்கமும், அதில் தானே கழிமுகத்தின் அடியில் 7 கிலோமீட்டரும், அதற்கப்பால் பெரும்பகுதிக்கு உயர்த்தப்பட்ட பாதையும் வருவதற்கு நில எடுப்புச் சிக்கலோடு இந்த நேர்கோட்டுக் கட்டாயமும் காரணம்.

வளரும் நாட்டுக்கு இது தகுமா? 1964இல் டோக்கியோ–ஒசாகா பாதையைத் திறந்த ஜப்பானும் அதற்காக உலக வங்கியிடம் 8 கோடி டாலர் கடன் வாங்கிய நாடுதான். செலவும் மதிப்பீட்டைப்போல ஏறத்தாழ இரு மடங்கானது. ஆனால் அங்கே பழைய பாதை நாட்டின் இருப்புப்பாதை நீளத்தில் சுமார் 3 விழுக்காடாக இருந்தும் மொத்தப் போக்குவரத்தில் கிட்டத்தட்டக் கால்பங்கைச் சுமந்து திணறியது. அந்த நெரிசலைத் தீர்த்ததே முதல் ஆதாயம், வேகம் அதற்கு அடுத்தபடி என்பது என் கணிப்பு.

இந்தியாவில் 2,800 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள, சரக்கு ரயில்களுக்கென்றே அமைக்கப்படும் இரு தனித் தடங்களுக்கும் சேர்த்து மதிப்பிடப்பட்ட செலவு சுமார் 1.24 லட்சம் கோடி ரூபாய். பழைய பாதைகளின் நெரிசலைக் குறைப்பதில் அவை ஒரு ரூபாய்க்குத் தரும் பயன் அதிகம் என்பதால் என் வாக்கு முதலில் அவற்றுக்கே. மேலும் புதிய பாதையின் அகலம் 1,435 மில்லிமீட்டர், நம் அகலப்பாதையோ 1,676. அகமதாபாத்தைத் தாண்டி ஒரு வண்டிகூட நேராகப் போக முடியாது. இத்தனைக்குப் பிறகும் கட்டுவதென்றால், ஜப்பானின் கடனோடு வரும் வண்டிகளை வாங்குவதோடு நில்லாமல், சக்கர நெளிவை அளக்கும் சோதனைக்கூடங்களுக்கும் அவற்றில் ஆண்டுக்கணக்கில் உழைக்கும் இளம் பொறியாளர்களுக்கும் அந்தச் செலவில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்க வேண்டும். ஜப்பான் கடன் வாங்கியது பாதைக்கு. சக்கரத்தின் கணக்கைத் தன் ஆய்வுக்கூடத்திலேயே போட்டு முடித்திருந்தது.