நேற்று பத்து நிமிடத்தில் போட்ட கணக்கு

"மனசு வெச்சா எல்லாம் செய்வான் மேடம். நேத்து இதே மாதிரி கணக்கைப் பத்து நிமிஷத்துல போட்டுட்டான். இன்னைக்கு ஒரு மணி நேரமா முதல் வரியிலயே உட்கார்ந்திருக்கான்."

ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமலோ, அளவுக்கு மீறிய துறுதுறுப்போடோ, இரண்டும் சேர்ந்தோ இருக்கும் நிலை) உள்ள பிள்ளைகளின் பெற்றோர் என் அறையில் அதிகம் சொல்வது இதைத்தான். 'வேண்டுமென்றே செய்கிறான்' என்ற சந்தேகம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. பிள்ளை வாங்கும் திட்டில் பெரும்பங்கு அந்தச் சந்தேகத்தால் வருவது. சில வீடுகளில் அடியும்.

ஒரு சிறுவனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒன்பது வயது. கணினியில் ஒரு கவனச் சோதனை கொடுத்தேன். திரையில் ஒவ்வொரு எழுத்தாக வந்து மறையும். எது வந்தாலும் பட்டனைத் தட்ட வேண்டும். 'எக்ஸ்' வந்தால் மட்டும் தட்டக் கூடாது. கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக இதே வேலைதான். சலிப்பு தட்ட வேண்டும் என்றே வடிவமைத்த சோதனை இது. இந்த வகைச் சோதனைகள் 1956 முதலே புழக்கத்தில் இருக்கின்றன.

முதல் இரண்டு நிமிடம் அவன் விரல் பறந்தது. மேசைக்கடியில் கால் ஆடிக்கொண்டே இருந்தாலும் தட்டுவதில் பிசகில்லை. ஐந்தாவது நிமிடம் வாக்கில், கண் திரையில்தான் இருந்தது, ஆனால் எழுத்து வந்து போனது, விரல் அசையவில்லை. அடுத்ததும் போனது. அப்புறம் திடுக்கிட்டுத் தட்டினான். தட்டிய எழுத்து 'எக்ஸ்'. நாக்கைக் கடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். வேண்டுமென்றே செய்கிற பிள்ளையின் முகம் அப்படி இருக்காது.

முடிவுத்தாளில் சராசரியை மட்டும் பார்த்தால் 'கொஞ்சம் மெதுவான பையன்' என்று எழுதிவிடலாம். தட்டல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் கதை வேறு. 0.4 நொடி, 0.38, 0.42, மறுபடி 0.4, திடீரென்று 1.3. அவனுடைய பெரும்பாலான தட்டல்கள் அவன் வயதுப் பிள்ளைகளின் வேகத்தில்தான் இருந்தன. நடுநடுவே விழுந்த சில நீண்ட தாமதங்கள் சராசரியை இழுத்துவிட்டன. ஏடிஎச்டி ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்படுவதும் இந்த ஏற்ற இறக்கம்தான். எல்லாப் பிள்ளைகளிடமும் கொஞ்சம் உண்டு, இவர்களிடம் கூடுதல்.

ஏன் இப்படி? நாம் சும்மா இருக்கும்போது, மனம் அலையும்போது, மூளையின் சில பகுதிகள் சேர்ந்து இயங்கும். ஒரு வேலையில் இறங்கியதும் அவை அடங்க வேண்டும். ஏடிஎச்டி உள்ளவர்களுக்கு அவை சரியாக அடங்காமல் வேலையின் நடுவே தலைகாட்டுகின்றன என்பது 2007இல் முன்வைக்கப்பட்ட ஒரு கருதுகோள். இது முழு விளக்கம் ஆகாது. ஆனால் அந்த ஐந்தாவது நிமிடத்தை நினைத்தால் எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

"அப்போ கேம் ஆடும்போது மட்டும் எப்படி மணிக்கணக்கா உட்கார்றான்?" அடுத்த கேள்வி எப்போதும் இதுதான். விளையாட்டில் ஒவ்வொரு நொடியும் ஒரு பதில் கிடைக்கிறது: புள்ளி ஏறுகிறது, சத்தம் வருகிறது, தோற்றால் உடனே தெரிகிறது. கணக்கு நோட்டில் சரியா தப்பா என்பது நாளைக்குத்தான் தெரியும். வேலை மெதுவாகவும் பலன் தள்ளியும் போகப் போக இந்தப் பிள்ளைகளின் கவனம் நழுவும். ஆர்வமோ உடனடிப் பாராட்டோ இருந்தால் கவனம் ஓரளவு நிலைக்கும்.

சரி, தட்டுவதில் தாமதம் இருந்தால் ஏடிஎச்டியா? இல்லை. இந்தச் சோதனையை மட்டும் வைத்து யாரும் முடிவு சொல்லக் கூடாது, சொன்னால் நம்பாதீர்கள். அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும், அன்றாட வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும். தூக்கம் போதாத பிள்ளையும், காது சரியாகக் கேட்காத பிள்ளையும் இதே மாதிரிதான் தெரிவார்கள். பிள்ளை சில நொடிகள் வெறித்துப் பார்த்தபடி உறைந்து, தோளைத் தொட்டாலும் திரும்பாமல் இருந்தால் அது ஒருவகை வலிப்பாகவும் இருக்கலாம். நரம்பியல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இன்னொன்று: ஓடி ஆடாமல், யாருக்கும் தொந்தரவு தராமல் கனவில் இருக்கும் பெண்பிள்ளைகள் பல வருடம் யார் கண்ணிலும் படுவதில்லை. இது எனக்குத் தீராத வருத்தம்.

மருந்து தேவைப்படும் பிள்ளைகளுக்கு, மெத்தில்ஃபெனிடேட் போன்றவை இந்த ஏற்ற இறக்கத்தைக் குறைக்கின்றன. அது மனநல மருத்துவரோ குழந்தைநல மருத்துவரோ பார்த்துத் தீர்மானிக்க வேண்டியது.

அந்தச் சிறுவனின் அப்பாவிடம் என் முன்னாலேயே ஒன்று செய்யச் சொன்னேன். பக்கத்தில் போய், பெயரைச் சொல்லி, அவன் நிமிர்ந்ததும் "கணக்கு நோட்டை எடு" என்று ஒரே முறை சொல்ல வேண்டும். பிறகு வாயைத் திறக்காமல் மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். மூன்று எண்ணுவதற்குள் அவர் உதடு அசைந்தது. கையைக் காட்டி நிறுத்தினேன். ஏழோ எட்டோ எண்ணியபோது பையன் குனிந்து பையைத் திறந்தான். வீட்டில் என்றால் அதற்குள் மூன்று முறை சொல்லியிருப்பேன், மூன்றாவது முறை கத்தியிருப்பேன் என்றார் அப்பா.

பள்ளியில் கேட்டது இரண்டே சலுகை. கேள்விக்கு முன் அவன் பெயரைச் சொல்லி அழைக்க வேண்டும். இருபது கணக்குள்ள தாளை ஐந்தைந்தாக வெட்டி, ஒரு துண்டு முடிந்ததும் திருத்திக் கொடுத்து, அவன் எழுந்து ஒரு சுற்று நடந்து வந்த பிறகே அடுத்ததைத் தர வேண்டும். தேர்வில் கூடுதல் நேரம் கொடுத்தால் போதாதா என்று ஆசிரியை கேட்டார். வேகமே இல்லாத பிள்ளைக்கு அது உதவும். கவனம் நழுவும் பிள்ளைக்கு நழுவ இன்னும் கொஞ்சம் நேரம் கிடைக்கும், அவ்வளவுதான், இடைவேளைதான் உதவும் என்றேன். ஒப்புக்கொண்டார்.

அடுத்த முறை வந்தபோது வெட்டிய தாள்களைப் பையிலிருந்து எடுத்து என் மேசைமேல் வரிசையாக வைத்தான். மூன்று துண்டு முடிந்திருந்தது. நான்காவதில் இரண்டு கணக்கு போட்டிருந்தான், ஓரத்தில் ஒரு ராக்கெட் வரைந்திருந்தான்.