பறக்கும் படை பிடித்த பணத்தைத் திரும்பப் பெறுவது எப்படி?

தேர்தல் தேதி அறிவித்த உடனேயே 'ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கம் கொண்டு போகக் கூடாது' என்ற பேச்சும் கிளம்பிவிடும். அப்படிப் பொதுமக்களுக்கு ஒரு தடை கிடையாது. தேர்தல் ஆணையம் 2015 மே 29 அன்று வெளியிட்ட நடைமுறை உத்தரவில் 50,000 ரூபாய் என்ற கணக்கு வருவது வேட்பாளரோ, அவருடைய ஏஜெண்டோ, கட்சிக்காரரோ போகும் வண்டியைப் பற்றிப் பேசும் இடத்தில். ரோட்டில் அது எல்லார் தலையிலும் விழுகிறது.

சோதனையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பணப் பட்டுவாடாவால் 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017இல் ஆர்.கே.நகர், 2019இல் வேலூர் என்று தேர்தலையே நிறுத்திய மாநிலம் இது. ஆனால் வேட்பாளர் செலவுக்கு மக்களவைக்கு 95 லட்சம், சட்டமன்றத்துக்கு 40 லட்சம் என உச்சவரம்பு வைத்தவர்கள், கட்சி செய்யும் செலவுக்கு வரம்பே வைக்கவில்லை. பெரிய பணம் அந்த வழியில் போகிறது. மாட்டுச் சந்தைக்குப் போகிறவர் சோதனைச் சாவடியில் மாட்டிக்கொள்கிறார்.

எனக்குத் தெரிந்த ஆட்டு வியாபாரி ஒருவரை, தேர்தல் நேரத்தில் வண்டிகளைச் சோதிக்கும் பறக்கும் படையினர் நிறுத்தினார்கள். மஞ்சள் பையில் இருந்ததை ஜீப் பானெட்டில் கொட்டி எண்ணினார்கள். யார் பணம் என்று கேட்டதற்கு முதலில் "பங்காளியோடது" என்றார். போலீசைப் பார்த்த பயத்தில் அடுத்த நிமிஷமே "என்னோடதுதான் சார்" என்றார். இரண்டையும் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். பிறகு அவர் கொண்டுபோன ஒவ்வொரு சீட்டுக்கும் அந்த இரண்டு வரியைத்தான் திருப்பிக் காட்டினார்கள். கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொல்லுங்கள், ஒரே மாதிரி சொல்லுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பணத்தை எடுத்துக்கொண்டால் ரசீது உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். தொகையும் எந்த நோட்டு எத்தனை என்பதும் அதில் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். யாரிடம் மேல்முறையீடு செய்வது என்பதையும் பறிமுதல் ஆவணத்தில் எழுதி, உங்களிடம் வாயாலும் சொல்ல வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் சொல்லமாட்டார்கள், "ஆபீசுக்கு வாங்க" என்பதோடு சரி. சோதனை முழுவதும் வீடியோ எடுக்கப்பட வேண்டும். 300 ரூபாய் கட்டினால் அதன் நகலை யாரும் கேட்டு வாங்கலாம். பெண்களின் கைப்பையைப் பெண் அதிகாரிதான் பார்க்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் அலைச்சல். தாலுகா ஆபீசில் கேட்டால் "கருவூலத்துக்குப் போயிடுச்சு" என்பார்கள். கருவூலத்தில் "ஆர்டர் இல்லாம தரமுடியாது" என்பார்கள். இந்த இரண்டு இடத்திலும் நிற்காதீர்கள். முடிவெடுக்கும் அதிகாரம் மாவட்டத்தில் இதற்கென்றே இருக்கும் மூன்று அதிகாரிகள் கொண்ட குறைதீர்ப்புக் குழுவிடம் இருக்கிறது. மாவட்டக் கருவூல அதிகாரியும் அதில் ஓர் உறுப்பினர். தேர்தல் செலவினக் கண்காணிப்புப் பொறுப்பு அதிகாரி அதைக் கூட்டுகிறவர். அவருடைய தொலைபேசி எண்ணை விளம்பரப்படுத்த வேண்டும் என்றும் உத்தரவு இருக்கிறது. நேராகக் கலெக்டர் ஆபீசுக்குப் போய், தேர்தல் பிரிவில் அவரைக் கேளுங்கள். மனுவைக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் மனு கொடுக்காவிட்டாலும், ஒவ்வொரு பறிமுதலையும் இந்தக் குழு தானாகவே பரிசீலிக்க வேண்டும். வழக்கு எதுவும் பதியாமல், கட்சிக்கோ வேட்பாளருக்கோ தொடர்பும் இல்லையென்றால், காரணம் எழுதி உடனே விடுவிக்க வேண்டும். "எலெக்‌ஷன் முடியட்டும் பாக்கலாம்" என்ற பதிலுக்கு அந்த உத்தரவில் இடமே கிடையாது.

காகிதம் விஷயத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். வங்கியில் எடுத்த பணம் என்றால் எடுத்த தேதி தெரியும்படி பாஸ்புக்கை என்ட்ரி போட்டு வையுங்கள். மாதக்கணக்கில் பழைய என்ட்ரி எடுபடாது. கல்யாணச் செலவுக்கென்றால் பத்திரிகை மட்டும் போதாது, மண்டபம் அல்லது நகைக்கடை ரசீது ஒன்றாவது சேர்த்துக் காட்டுங்கள். முதலாளி பணத்தை டிரைவர் கொண்டுபோனால் தொகை, காரணம், போகும் இடம் எல்லாம் எழுதி முதலாளி கையெழுத்திட்ட கடிதம் டிரைவர் சட்டைப் பையில் இருக்கட்டும். பிடிபட்ட பிறகு தயாராகும் கடிதத்தைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். காய்கறி மண்டியில் தரும் துண்டுச் சீட்டைக் கசக்கிப் போடாதீர்கள். சந்தையில் மாடு விற்றவருக்கு எந்தச் சீட்டும் கிடைக்காது. இது தெரிந்தும் சீட்டு கேட்கிறார்களே என்று கோபம் வரும். வேறு வழியில்லை, வாங்கியவரிடம் பெயர், ஊர், விலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பயத்தில் பணத்தைப் பிரித்துக் கூட வருகிறவர்கள் மடியில் வைக்காதீர்கள். பட்டுவாடாவுக்கு இப்படித்தான் கொண்டு போவார்கள் என்றுதான் அவர்களுக்குத் தோன்றும்.

தொகை 10 லட்சத்துக்கு மேல் போனால் வருமான வரித் துறைக்குத் தகவல் போய்விடும். அங்கே கல்யாணப் பத்திரிகையெல்லாம் பேசாது, வருமானக் கணக்குதான் பேசும். ஆடிட்டரோடு போங்கள்.

வழக்குப் பதிவாகாத பணத்தை, வாக்குப்பதிவு முடிந்து 7 நாளுக்கு மேல் கருவூலத்தில் வைத்திருக்கவே கூடாது. அந்தத் தேதி தாண்டியும் இழுத்தடித்தால், 2015 மே 29 உத்தரவைக் குறிப்பிட்டு மாவட்டத் தேர்தல் அதிகாரியான கலெக்டருக்கு எழுதுங்கள், நகலைச் சென்னையில் தலைமைத் தேர்தல் அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். உத்தரவின் தேதியை மனுவின் முதல் வரியிலேயே போடுங்கள்.