படுத்த படுக்கையா இருக்கிறவங்கள போட்டோ எடுக்கலாமா?

ரங்கூன்ல ஸ்டூடியோ வச்சிருக்கேன். சாவு வீட்டுலேருந்து வர்ற போன் பெரும்பாலும் ஒரே மாதிரிதான், "தம்பி, மாலை போட்டு வைக்க அப்பா படம் பெருசா ஒண்ணு வேணும், காலையில தூக்கிருவோம், அதுக்குள்ள குடுத்துருங்க"ன்னு. கொண்டு வர்றது என்னன்னா அடையாள அட்டை போட்டோ, இல்லன்னா யாரோ கல்யாணத்துல கடைசி வரிசையில நின்ன படம். 2014ல சிம் கார்டு 1,500 கியாட்டுக்கு வந்த பிறகுதான் இங்க எல்லார் கையிலயும் போன், அதுக்கு முந்தின படம் பல வீட்டுல கெடையாது. இப்ப ஏஐ ஆப்புல போட்டு தெளிவாக்கிட்டு வர்றாங்க, அது இல்லாத கண்ணையும் பல்லையும் தானா வரைஞ்சு வைக்குது, மச்சத்த காணோம், பெத்த மகளே "இது எங்கப்பா மாதிரி இல்லையே"ங்குது.

உசுரோட இருக்கும்போதே கூப்பிடுங்கன்னா ஆயுசு கொறையும்பாங்க. மூணு பேரா நின்னு எடுத்தா ஒருத்தர் போயிடுவாருன்னும்தான் சொல்றாங்க, அப்படி பாத்தா என் கடை செவுத்துல பாதி பேர் இருக்கவே முடியாது.

முதல்ல நோயாளிகிட்டயே கேளுங்க. இங்க தாமுவே பேட்டையில ஒரு பாட்டி, கன்னத்துல தனகா (பர்மாவுல பூசுற மரக்கட்டை சாந்து), நெத்தியில விபூதி, ரெண்டும் வேணும்னுட்டாங்க. மக கல்லுல தனகா கட்டைய அரைச்சு பூசி, அது காஞ்சு வெளுக்குற வரைக்கும் நான் ஜன்னல் பக்கம் கட்டில திருப்பி போட்டுட்டு காத்திருந்தேன். பல் செட்டையும் கேட்டு மாட்டிக்கிட்டாங்க. படத்துல மூக்குல ட்யூப் அப்படியேதான் இருக்கு, அத அழிக்க சொல்லி இன்னிக்கு வரைக்கும் யாரும் கேக்கல.

எறந்த பிறகு எடுக்கிறதும் தப்பில்ல. தமிழ்நாட்டுல அந்தக் காலத்துல பொணத்த நாற்காலியில உக்கார வச்சு குடும்பமே சுத்தி நின்னு எடுத்துக்கிட்டதுதானே. அமெரிக்காவுல 2005லேருந்து ஒரு அமைப்பு, பொறந்ததுமே எறந்த கொழந்தைங்கள பெத்தவங்களுக்காக காசு வாங்காம எடுத்துக் குடுக்குறாங்க. வெள்ளக்காரன் ஸ்டாண்டு வச்சு பொணத்த நிறுத்தி எடுத்தான்னு பேஸ்புக்குல சுத்துதே, அது கதை. அந்த ஸ்டாண்டு உசுரோட இருக்கிறவங்க தலைய ஆட்டாம நிக்கறதுக்கு, பொணத்த தாங்குற பலம் அதுக்கு இல்ல.

எடுக்கறதுன்னா சீக்கிரம் எடுக்கணும். ரெண்டு மணி நேரத்துலயே தாடை வெறைக்க ஆரம்பிச்சிடும், அதுக்குள்ள கண்ணு வாய மூடி, தலைக்கு தலகாணி வச்சு ஒசத்திடுங்க, இல்லன்னா ரத்தம் எறங்கி மொகம் கறுத்துடும். வாய்க்கட்டு, மூக்குப் பஞ்சு எல்லாம் படத்துக்கு அப்புறம். ட்யூப்லைட்ட அணைங்க, அது பச்சையடிக்கும், ஜன்னல் வெளிச்சம் போதும் (கரண்ட் எப்படியும் இருக்காது). கால்மாட்டுல நின்னா மூக்கு ஓட்டைதான் தெரியும், பக்கவாட்டுல மொகத்துக்கு நேரா குனிஞ்சு, போன்னா கொஞ்சம் தள்ளி நின்னு 2எக்ஸ் ஜூம்ல எடுங்க, கிட்டப் போனா மூக்கு புடைச்சிடும்.

ஆஸ்பத்திரியில உசுரு போயிட்டா வீட்டுக்கு கொண்டு வர விடமாட்டாங்க, பர்மாக்காரங்க வழக்கப்படி பொணம் தெருவுக்குள்ள திரும்ப வரக்கூடாது, அங்கேருந்து நேரா யேவே மயானந்தான். அதனால ஆஸ்பத்திரிக்கு கெளம்புறதுக்கு முன்னாடியே எடுத்துருங்க.

பேஸ்புக்குல போடுறத வீட்டுப் பெரியவங்க சொன்ன பிறகு பாத்துக்கலாம். ப்ரிண்டுக்கு மட்டும் வைபர்ல அனுப்பாதீங்க, சுருக்கிடும். 10க்கு 12 இன்ச் ப்ரிண்ட் நல்லா வர 3,000க்கு 3,600 பிக்சல் வேணும், போனையே எடுத்துட்டு கடைக்கு வந்துருங்க.