மூன்றாம் துளைக்குள் ஒளிந்திருக்கும் சுரங்கள்

பத்துத் துளை மௌத் ஆர்கனின் ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே பார்த்தால், இவ்வளவுதானா என்று தோன்றும். நடுவில் மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ சீப்பு மாதிரி ஒரு கட்டை, மேலும் கீழும் பித்தளைத் தகடு ஒவ்வொன்று, தகட்டுக்குப் பத்து ரீட். ஹார்மோனியத்தில் இருக்கும் அதே வகை ரீட்தான். ஒரு முனை தகட்டோடு இறுகியிருக்கும், மறுமுனை தன் அளவுக்கே வெட்டிய ஒரு இடுக்கின் மேல் சும்மா நிற்கும், காற்று பட்டதும் அந்த இடுக்குக்குள் போய் வந்து ஆடும். ஒவ்வொரு துளைக்கும் ஊதினால் பேச ஒரு ரீட், உறிஞ்சினால் பேச ஒரு ரீட்.

மூன்று ஸ்தாயிக்கு இந்தக் கருவி நீள்கிறது, அதற்குள் 37 சுரஸ்தானங்கள் இருக்கின்றன, ஆனால் ரீட்கள் தருவது 19 சுரங்களைத்தான். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையில் நம்மை உருக்கும் அந்த வழுக்கல் சுரம் இந்தப் பத்தொன்பதில் இல்லை. அப்படியானால் அது எங்கிருந்து வருகிறது?

இந்தக் கருவி ஜெர்மனியில் பெருவாரியாகத் தயாரானது. ட்ராசிங்கன் ஊரில் 1857இல் தொடங்கிய ஹோனர் நிறுவனம் 1896இல் கொண்டுவந்த மரைன் பேண்ட் மாடல் இன்றும் விற்கிறது. நாட்டுப்புற மெட்டுகளுக்காக ஸ்ருதி கூட்டிய கருவி அது, எந்தத் துளையில் ஊதினாலும் மேஜர் கார்டின் (ஸ, அந்தர காந்தாரம், ப சேர்ந்தது) சுரம்தான் வரும். அமெரிக்காவின் தென்பகுதியில் இருந்த கறுப்பின இசைஞர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். ஊதும்போது வரும் ஆதார சுரமான ஸட்ஜத்தை விட்டுவிட்டு, இரண்டாம் துளையை உறிஞ்சினால் வரும் சுரத்தை ஸட்ஜமாக வைத்துக்கொண்டார்கள். சி ஸ்ருதிக் கருவியில் ஜி-யில் வாசிப்பது. என்னைக் கேட்டால், இந்தக் கருவியின் வரலாற்றில் இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு இல்லை. ஏனென்றால் கீழ்ப்பாதியில் வளையக்கூடிய, அதாவது வாயாலேயே கீழே இழுக்கக்கூடிய சுரங்கள் எல்லாமே உறிஞ்சும் பக்கத்தில்தான் இருக்கின்றன.

இந்தப் புது ஸட்ஜத்தை வைத்து மூன்றாம் துளைக்கு வாருங்கள். ஊதினால் ஸட்ஜம், உறிஞ்சினால் அந்தர காந்தாரம். இடையில் ரி1, ரி2 என்ற இரண்டு ரிஷபங்கள், அந்தர காந்தாரத்துக்கு அரைச் சுரம் கீழே உள்ள சாதாரண காந்தாரம் என்று மூன்று சுரஸ்தானங்களுக்கு ரீட் இல்லை. ஆனால் மூன்றுமே அந்தத் துளையிலிருந்து வரும்!

உறிஞ்சிக்கொண்டே வாய்க்குள் ‘ஈ’யிலிருந்து ‘ஊ’வுக்குப் போகிற மாதிரி நாக்கைப் பின்னால் இழுங்கள். சீட்டியடிக்கும்போது சுரத்தை இறக்க நாக்கு செய்யும் அதே வேலை. வாயின் உட்புறம் பெரிதாகிறது, அதன் இயல்பான அதிர்வெண் இறங்குகிறது, ரீட்டையும் கூடவே இழுக்கிறது. ஆனால் தனி ரீட் கொஞ்ச தூரம்தான் வரும். அப்புறம்தான் அதே துளையின் இன்னொரு ரீட் களத்தில் இறங்குகிறது. உறிஞ்சும்போது உறிஞ்சும் ரீட்டைக் காற்று அதன் இடுக்குக்குள் அழுத்துகிறது, அப்படி ஆடும் ரீட் தன் இயல்பைவிடக் கீழே ஒலிக்கும். ஊதும் ரீட்டையோ அதே காற்று இடுக்கைவிட்டு விலக்கித் திறக்கிறது, அப்படி ஆடும் ரீட் தன் இயல்பைவிட மேலே ஒலிக்கும். ஒன்று கீழே இறங்க, இன்னொன்று மேலே ஏற, இரண்டும் நடுவில் எங்கோ ஒரு சுரத்தில் சேர்ந்து ஆடுகின்றன. வளைவு ஆழமாக ஆக, வேலை ஊதும் ரீட்டின் கைக்கு மாறிவிடும்.

இதை நீங்களே சோதிக்கலாம். மேல்மூடியைக் கழற்றிவிட்டு மூன்றாம் துளையின் மேல் இடுக்கை, அதாவது ஊதும் ரீட்டின் இடுக்கை, விரலால் மூடுங்கள். உறிஞ்சினால் அந்தர காந்தாரம் எப்போதும்போல் வரும். வளைத்துப் பாருங்கள், லேசாகத் தொய்யும், அதோடு சரி.

ஆக, எவ்வளவு வளையும் என்பதை இரண்டு ரீட்டுக்கும் இடையிலுள்ள தூரம்தான் தீர்மானிக்கிறது. நாலாம் துளையில் மத்யமமும் பஞ்சமமும், அதனால் நடுவில் பிரதி மத்யமம் மட்டும். ஐந்தாம் துளையில் அரைச் சுர இடைவெளிதான், வளைக்க அங்கே இடமே இல்லை, ஆனால் ப்ளூஸுக்கு வேண்டிய கைசிகி நிஷாதம் அங்கே நேராகவே கிடைக்கிறது. மூன்றாம் துளையில்தான் ப்ளூஸின் உயிர் இருக்கிறது. அந்தர காந்தாரத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் நடுவே, இரண்டிலும் சேராத ஒரு இடத்தில் நிறுத்தி அசைப்பார்கள். சுரத்தை அசைக்கும் கமகம் வராது என்று ஹார்மோனியத்தை ஒதுக்கும் கர்நாடக சங்கீதக்காரர்களுக்கு, அதே ரீட் இங்கே அசைவதைக் கேட்கக் கொடுக்க வேண்டும்.

சிகாகோவில் ப்ளூஸ் கலைஞர் லிட்டில் வால்டர் கருவியையும் ஒரு சின்ன மைக்கையும் ஒரே கைப்பிடிக்குள் பொத்தி ஆம்ப்ளிஃபையர் வழியாக வாசித்தார். கைக்குள் அடைபட்ட ஒலி மைக்கைத் திணறவைக்க, சாக்ஸபோன் மாதிரி கனத்த, கரகரப்பான நாதம் வந்தது. 1952இல் அவர் பதிவு செய்த ‘ஜூக்’கைக் கேளுங்கள்.

ஜாஸுக்கு எல்லாச் சுரமும் வேண்டும், அதுவும் வேகமாக. பிரஸ்ஸல்ஸில் பிறந்த டூட்ஸ் தீல்மான்ஸ் (1922–2016) எடுத்தது குரோமேட்டிக் மௌத் ஆர்கன். துளைக்கு நாலு ரீட், பக்கத்தில் ஒரு பொத்தான், அழுத்தினால் அரைச் சுரம் ஏறும். காற்று வீணாகாமல் இருக்க, பேசாத ரீட்டின் இடுக்கை மெல்லிய பிளாஸ்டிக் இதழ் மூடிவிடுகிறது. நீங்கள் விரலால் மூடிய அதே இடுக்கு! அதனால்தான் அவர் வாசிப்பில் அந்த அழுக்கான வளைவு இல்லை, ஒற்றை ரீட்டின் மென்மையான தொய்வு மட்டும் உண்டு. பலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அந்தத் தொய்வில்தான் அவரது ஏக்கம் கேட்கிறது.

பத்துத் துளையிலேயே ஜாஸ் வாசிக்க முடியாதா என்று பிடிவாதம் பிடித்தவர் அமெரிக்க மௌத் ஆர்கன் கலைஞர் ஹவார்ட் லெவி. அவருக்குத் தடையாக நின்ற இடங்களில் ஒன்று ஆறாம் துளை. ஊதினால் மேல் ஸட்ஜம், உறிஞ்சினால் ரி2, வளைத்தால் ரி1. சாதாரண காந்தாரம் அதற்கும் மேலே இருக்கிறது, வளைத்து அங்கே போக வழியில்லை. 1970 வாக்கில் அவர் கண்ட வழி ஓவர்ப்ளோ. வாயைச் சரியாக வைத்து ஊதினால் ஊதும் ரீட் பேசாமல் நின்றுவிடும், காற்று உறிஞ்சும் ரீட்டைத் திறந்து ஆட்டும், திறந்து ஆடும் ரீட் தன் இயல்புக்கு மேலே ஒலிக்கும் என்று பார்த்தோமே, அதன்படி ரி2-வின் ரீட்டிலிருந்து சாதாரண காந்தாரம் வருகிறது. இதற்கும் விரலே போதும். ஆறாம் துளையின் மேல் இடுக்கை மூடிக்கொண்டு மெதுவாக ஊதுங்கள், ஸட்ஜம் வர வேண்டிய இடத்தில் காந்தாரம் கிளம்பும்.