பகா எண் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது

இதுவரை நாம் அறிந்த மிகப்பெரிய பகா எண் 2024 அக்டோபரில் கிடைத்தது. 2-ஐ 136,279,841 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது அது. இலக்கங்கள் மட்டும் 41 மில்லியனுக்கு மேல். சமூக மன்றங்களில் இணையப் பாதுகாப்பு பற்றிப் பேசப் போனால், "இந்த எண்ணை வங்கிக் கணக்குக்குப் பூட்டாகப் போட்டால் யாராலும் உடைக்க முடியாதுதானே?" என்று யாராவது கேட்பார்கள். எளிதாக உடைக்கலாம். அந்த எண் ஊருக்கே தெரியும். தெரிந்த எண்ணால் ரகசியம் காக்க முடியாது.

இணையத்தில் தகவலைப் பூட்ட 1977-இல் உருவான ஆர்எஸ்ஏ முறையில் இரண்டு பகா எண்களைப் பெருக்கி, விடையை மட்டும் வெளியில் சொல்கிறோம். அந்த இரண்டு எண்கள்தான் ரகசியம்; அவை தெரிந்தால் பூட்டு திறந்துவிடும். இன்று வழக்கமான 2048 பிட் சாவியில் அந்த விடைக்கு 617 இலக்கங்கள். 2020-இல் 250 இலக்க ஆர்எஸ்ஏ எண் ஒன்றைக் காரணிப்படுத்தவே, அதாவது அதன் இரண்டு பகா எண்களாகப் பிரிக்கவே, ஏராளமான கணினிகள் தேவைப்பட்டன. 617 இலக்கம் அதற்கு எட்டாத தூரம். பகா எண்களுக்குப் பஞ்சமும் இல்லை: சாவிக்கு வேண்டிய அளவில், சராசரியாக எழுநூறு எண்களுக்கு ஒன்று பகா எண்ணாக இருக்கும்.

அப்புறம் எங்கே ஆபத்து? எண்ணைத் தேர்ந்தெடுக்கும் விதத்தில்.

இரண்டு ரவுட்டர்கள் 391, 493 என்று தங்கள் பொது எண்களை வெளியிடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் காரணிப்படுத்தவே வேண்டாம், பொது வகுத்தியைத் தேடினால் போதும். 493-இலிருந்து 391 போனால் 102. 391-இலிருந்து மூன்று 102 போனால் 85. 102-இலிருந்து 85 போனால் 17. கதை முடிந்தது: 17 × 23, 17 × 29. பள்ளியில் படித்த யூக்ளிட் முறைதான் இது. 617 இலக்க எண்களுக்கும் கணினி இதை நொடிப்பொழுதில் செய்துவிடும்.

இது கற்பனை இல்லை. 2012-இல் ஆய்வாளர்கள் இணையத்தில் உள்ள பொதுச் சாவிகளைத் திரட்டி ஒப்பிட்டபோது, ஆயிரக்கணக்கான கருவிகளின் ரகசியச் சாவிகள் இப்படியே வெளிவந்தன. பெரும்பாலும் ரவுட்டர், ஃபயர்வால் போன்றவை. முதல்முறை மின்சாரம் கொடுத்ததும், போதிய சமவாய்ப்பு (யாரும் ஊகிக்க முடியாத தற்செயல் தகவல்) சேருவதற்குள் அவை சாவி உருவாக்கியிருந்தன. அதனால் வெவ்வேறு கருவிகள் ஒரே பகா எண்ணைப் பிடித்துக்கொண்டன. 2017-இல் வேறொரு குறை: ஒரு சிப் மென்பொருள் குறிப்பிட்ட அச்சில் வார்த்த பகா எண்களையே தந்ததால், எஸ்டோனியாவின் லட்சக்கணக்கான அடையாள அட்டைகளின் சான்றிதழ்களை மாற்ற வேண்டியிருந்தது.

நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளிலும் கடைகளிலும் கேமரா, ரவுட்டர் என்று எத்தனையோ கருவிகள் ஓடுகின்றன. வாங்கும்போது சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பின் நான்கு நிலை பாதுகாப்பு முத்திரையைப் பாருங்கள். கடை நடத்துபவர்கள் பழைய கருவியில் முதலில் ஃபர்ம்வேரை (கருவிக்குள்ளேயே இருக்கும் மென்பொருளை) புதுப்பித்து, அதன் பிறகு சாவியைப் புதிதாக உருவாக்குங்கள். புதுப்பிப்பு மட்டும் செய்தால் பழைய பலவீனமான சாவி அப்படியே தங்கிவிடலாம். தயாரிப்பாளர் புதுப்பிப்பை நிறுத்திவிட்ட கருவி என்றால், நன்றாக ஓடினாலும் சரி, மாற்றிவிடுங்கள்.