முதல் பாட்டு எது? ட்ரம்ஸ் பழகும் பிள்ளையின் பெற்றோருக்கு

ட்ரம்ஸ் பழகத் தொடங்கிய பிள்ளைகள் சில மாதங்களில் அதை விட்டுவிடுவதை நான் அடிக்கடி காண்கிறேன். பெற்றோர் சோம்பல் என்பார்கள், இல்லாவிட்டால் படிப்புச் சுமை என்பார்கள். பக்கத்தில் இருந்து பார்க்கும் எனக்குத் தெரியும் காரணம் பெரும்பாலும் வேறு. அந்தப் பிள்ளையின் கையும் காலும் தாங்காத பாட்டு ஒன்றை முதலிலேயே கொடுத்துவிட்டோம்.

திருகோணமலையில் பிள்ளைகளுக்கு ட்ரம்ஸ் சொல்லிக்கொடுப்பது என் தொழில். வகுப்புக்கு வரும் தாய் தகப்பன்மார் பலரும் போனில் ஒரு பாட்டோடுதான் வருகிறார்கள். “சேர், கலைவிழா வருது. இவனுக்கு இந்தப் பாட்டை மட்டும் பழக்கிவிடுங்கோ, காணும்.” போனில் ஓடுவது அந்த மாதம் எல்லாக் கல்யாண வீட்டிலும் போட்ட குத்துப் பாட்டாக இருக்கும். வேகம் நிமிடத்துக்கு 140 அடிக்கு மேலே. பிள்ளைக்கு வயது எட்டு. ஆசனத்தில் இருத்தினால் பெடலுக்குக் கால் முழுதாக எட்டாது.

ஆசையைக் குறை சொல்ல முடியாது. அந்த ஆசை இருப்பதால்தான் பிள்ளை வகுப்புக்கே வருகிறது. ஆனால் அந்தப் பாட்டோடு தொடங்கினால் நடப்பது எப்போதும் ஒன்றுதான். முதல் நாலு வரி வரும், அதன்பின் கை பின்தங்கும். பிள்ளை நிறுத்தும், திரும்பத் தொடக்கத்துக்குப் போகும், அதே இடத்தில் மீண்டும் நிறுத்தும். ஒரு மாதம் இப்படிப் போனால் பிள்ளை பாட்டைப் பழகியிருக்காது, இடையில் நிறுத்துவதைப் பழகியிருக்கும். ட்ரம்ஸ் அடிக்கிறவருக்கு இதைவிடக் கெட்ட பழக்கம் கிடையாது. பாடுகிறவர் ஒரு சொல்லை மறக்கலாம், கிற்றார்காரர் ஒரு தந்தியைத் தவறவிடலாம், பாட்டு நகர்ந்துவிடும். தாளம் நின்றால் மேடையில் உள்ள எல்லோரும் நிற்க வேண்டும். ஆகவே முதல் பாட்டுக்கு என்னிடம் ஒரே ஒரு நிபந்தனை இருக்கிறது: பிள்ளை அதைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை நிறுத்தாமல் அடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கேட்பதற்கு எளிமையாக இருந்தால் பரவாயில்லை. அயல் வீட்டார் வியக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம், ட்ரம்ஸ் தேவையில்லை. பாட்டைப் போட்டுவிட்டுப் பிள்ளையைக் கைதட்டச் சொல்லுங்கள். பாட்டு முடியும்வரை ஒரே சீராகத் தட்டுகிறதா என்று கவனியுங்கள். அடுத்த முறை, கைதட்டும்போதே வலது காலால் நிலத்தையும் தட்டச் சொல்லுங்கள். பிறகு அதே தட்டலோடு பாட்டை முணுமுணுக்கச் சொல்லுங்கள். மூன்றும் சேர்ந்து ஓடினால் அந்தப் பாட்டை வகுப்புக்குக் கொண்டு வரலாம். எங்கே குழம்புகிறதோ அதே இடத்தில்தான் ட்ரம்ஸிலும் குழம்பும். குச்சி கைக்கு வந்ததும் குழப்பம் கூடுமே தவிரக் குறையாது.

உடம்பிலிருந்து தொடங்குவதற்கு நான் அடிக்கடி எடுக்கும் பாட்டு ஒன்று உண்டு. குயின் இசைக்குழு 1977இல் வெளியிட்ட ‘வீ வில் ராக் யூ’. அந்தத் தாளத்தில் ட்ரம்ஸே கிடையாது. பலகையில் காலால் மிதித்தும் கைதட்டியும் பதிவு செய்து, அதன்மேல் அதையே பல தடவை அடுக்கி, ஒரு கூட்டம் தட்டுவதுபோல் ஆக்கினார்கள். இரண்டு மிதி, ஒரு தட்டு, பிறகு ஒரு வெறுமை. மிருதங்கம் தெரிந்த வீடென்றால் ‘தகதிமி’ என்று சொல்லி, கடைசி ‘மி’யை வாய்க்குள் விழுங்கிவிடச் சொல்வேன். ‘தக’ இரண்டும் கிக், அதாவது பெடலைக் காலால் மிதித்து அடிக்கும் பெரிய ட்ரம்; ‘தி’ ஸ்நேர், குச்சியால் அடிக்கும், முன்னால் இருக்கும் சின்ன ட்ரம். ஹை-ஹெட் என்ற இரட்டைத் தாளத் தட்டு இதற்கு வேண்டாம். வேகமும் நிமிடத்துக்கு 80 அடியளவுதான், பாட்டின் நீளம் ஏறக்குறைய இரண்டு நிமிடம். ஆங்கிலம் புரியாத பிள்ளையும் இதை முதல் நாளிலேயே முடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு எழும்பும். அதன்பிறகு அந்தப் பிள்ளை தன்னை ட்ரம்ஸ் அடிக்கிற ஆளாகத்தான் நினைக்கும்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த வெறுமை. அடியே இல்லாத இடத்தையும் எண்ணிக் காத்திருக்கப் பிள்ளை இங்கே பழகுகிறது. குத்துப் பாட்டில் அந்த இடம் கிடைக்காது. அதில் ஒவ்வொரு இடுக்கிலும் ஏதாவது ஒரு வாத்தியம் விழுந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது படி, வலது கை ஹை-ஹெட்டில் எட்டு அடி ஓட, அதற்குள் கிக்கும் ஸ்நேரும் மாறி மாறி வருவது. ‘தகதிமி தகதிமி’ என்று சொல்லிக்கொண்டு எட்டு எழுத்துக்கும் ஹை-ஹெட், ‘த’ வரும் இடத்தில் கிக், ‘தி’ வரும் இடத்தில் ஸ்நேர். உலகத்தின் பொப், ரொக் பாடல்களில் பெரும்பகுதி இந்த ஒன்றின் மேல்தான் நிற்கிறது. மைக்கல் ஜாக்சன் 1982இல் வெளியிட்ட ‘த்ரில்லர்’ தொகுப்பில் உள்ள ‘பில்லி ஜீன்’ இதற்கு நல்ல உதாரணம். லியோன் சான்ஸ்லர் அடித்த அந்தத் தாளம் பாட்டு முழுவதும் அநேகமாக மாறாமல் ஓடுகிறது. அதைக் கேட்டதும் “இது லேசு” என்று பெற்றோர் சொல்லிவிடுவார்கள்.

அங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். லேசான தாளம் வேறு, லேசான பாட்டு வேறு. அந்தப் பாட்டின் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 117 அடி, நீளம் ஐந்து நிமிடத்துக்குக் கிட்ட. எட்டு வயதுப் பிள்ளையின் மணிக்கட்டு இரண்டாவது நிமிடத்திலேயே இறுகத் தொடங்கும். தோள் மேலே ஏறும், குச்சியை நெரித்துப் பிடிக்கும், கை நோகும். இந்தப் பாட்டை நான் முதலில் 0.75 வேகத்தில் போட்டு, முதல் ஒரு நிமிடத்தை மட்டும் கொடுப்பேன். அப்போது வேகம் 88க்குக் கீழே வந்துவிடும். யூடியூபில் வேகத்தைக் குறைக்கும் வசதி எல்லாப் போனிலும் இருக்கிறது. வீட்டில் பயிற்சி செய்யும்போது வெட்கப்படாமல் அதைப் பயன்படுத்துங்கள். மெதுவாகச் சரியாக அடித்த கைக்கு வேகம் தானாக வரும். வேகமாகப் பிழையாக அடித்த கையைத் திருத்த எனக்குப் பல மாதம் பிடிக்கும். குச்சியும் இதில் சேரும். சின்னக் கைக்கு 7ஏ என்று அச்சிட்ட மெல்லிய குச்சி போதும். தகப்பன் தன் கைக்குப் பார்த்து வாங்கிய தடித்த குச்சியோடு எந்தப் பாட்டும் கஷ்டமாகத்தான் இருக்கும்.

இனி எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். தமிழ்ச் சினிமாப் பாட்டு அடிக்கக் கூடாதா?

அடிக்கலாம். நம் பிள்ளைகளின் காது நிறைய இருப்பதே அந்தப் பாட்டுகள்தான், அவற்றை ஒதுக்கிவிட்டுச் சொல்லிக்கொடுக்க எனக்கு மனமும் இல்லை. ஆனால் ஒரு சினிமாப் பாட்டில் நீங்கள் கேட்கும் தாளம் ஒரு ஆள் அடித்தது அல்ல என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய பாட்டென்றால் தபேலா, டோலக், ட்ரம்ஸ், கஞ்சிரா என்று பலர் ஒன்றாக இருந்து வாசித்திருப்பார்கள். புதிய பாட்டென்றால் கணினியில் அடுக்கடுக்காகக் கட்டியிருப்பார்கள். அதில் சில அடிகள் மனிதனின் இரண்டு கையாலும் இரண்டு காலாலும் ஒருசேர அடிக்கவே முடியாதவை. பிள்ளை அதைக் கேட்டபடியே அடிக்கப் பார்த்துத் தோற்றுப்போய், தனக்குத் திறமை இல்லை என்று நினைத்துக்கொள்ளும். பத்து வயதில் அந்த எண்ணம் உள்ளே போய்விட்டால் வெளியே எடுப்பது கடினம்.

அதனால் சினிமாப் பாட்டைத் தேர்வு செய்யும்போது நான் பாட்டின் புகழைப் பார்ப்பதில்லை. பல்லவியில் தாளம் சீராகப் போகிறதா, பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வரும் இசையில் நடை மாறுகிறதா, பாட்டு இடையில் தாளமில்லாமல் நின்று மறுபடி தொடங்குகிறதா என்றுதான் கேட்டுப் பார்ப்பேன். நடை மாறும் பாட்டு முதல் வருடத்துக்கு வேண்டாம். மெல்லிசைப் பாட்டுகளில், எண்பதுகளில் வந்த காதல் பாட்டுகள் உட்பட, மெதுவாகவும் சீராகவும் ஓடுவன எத்தனையோ உண்டு. அவற்றிலிருந்து தபேலாவின் நுணுக்கத்தை விட்டுவிட்டு, கிக்கும் ஸ்நேரும் ஹை-ஹெட்டும் மட்டும் வரும் ஒரு எளிய வடிவத்தை ஆசிரியர் எழுதிக் கொடுக்கலாம். உங்கள் ஆசிரியரிடம் அதைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பாட்டின் சொற்களையும் ஒருமுறை கவனியுங்கள். தினமும் நூறு தடவை கேட்கும் பாட்டு பிள்ளையின் வாயில் ஏறிவிடும்.

இந்த ஊரில் பிறந்த பிள்ளைக்கு வேறொரு செல்வமும் இருக்கிறது. ஆறு எண்ணிக்கைத் தாளம். சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வரும்போதும், பத்திரகாளி அம்பாள் திருவிழாவிலும் தவில் கேட்டு வளர்கிற பிள்ளை இது. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பைத் என்ற இஸ்லாமியப் பாட்டோடு றபான் மேளம் கேட்டிருக்கும். பஸ்ஸில் ஏறினால் பைலா என்ற ஆட்டப் பாட்டு. மேல்நாட்டுப் புத்தகங்கள் ஆறு எண்ணிக்கையைப் பின்னால் தள்ளி வைத்திருக்கும், நாலு எண்ணிக்கையில் நன்றாகத் தேறியபின் கொடுக்கச் சொல்லும். நம் பிள்ளைகளுக்கு அப்படிக் காத்திருக்கத் தேவையில்லை என்பது என் அனுபவம். ‘தகிட தகிட’ என்று ஆறு ஹை-ஹெட், முதல் ‘த’வில் கிக், இரண்டாவது ‘த’வில் ஸ்நேர். இதைச் சொல்லி முடிக்கும் முன்னே தலையாட்டிக்கொண்டு அடிக்கத் தொடங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாலு எண்ணிக்கையில் தடுமாறுகிற பிள்ளை ஆறில் சட்டென்று நிமிர்ந்துவிடுவதும் உண்டு. பைலாவில் பிரச்சினை வேகம் மட்டும்தான். அதையும் குறைத்துக் கொடுத்தால் அருமையான பயிற்சிப் பாட்டு.

வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கு மிருதங்கம் பழகிவிட்டு ட்ரம்ஸுக்கு வரும் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களுக்கு எண்ணிக்கை தண்ணீர் பட்ட பாடு. விரலும் கணக்கும் கூர்மையாக இருக்கும். கால் மட்டும் வெறுமையாக இருக்கும், ஏனென்றால் மிருதங்கத்தில் காலுக்கு வேலை இல்லை. கையின் திறமையைப் பார்த்துவிட்டுப் பெரிய பாட்டைக் கொடுத்தால் காலில்தான் தடுமாறுவார்கள். அவர்களுக்கு நான் தேடுவது, கைக்கு மிகச் சிறிதும் கிக்குக்குக் கொஞ்சம் கூடவும் வேலையுள்ள பாட்டு.

முதல் வருடத்துக்கு நான் மிகவும் விரும்பும் பாட்டுகள் தேவாலயத்திலும் பஜனையிலும் கிடைக்கின்றன. வேகம் நடுத்தரம், ஒரே வரி பல தடவை திரும்பி வரும், கூட்டமாகப் பாடுவார்கள். ஞாயிறு ஆராதனையில் பாடற்குழுவோடு இருந்து அடிக்கும் பிள்ளை மூன்று மாதத்தில் கற்பதை, தனி அறையில் கரோக்கேயோடு அடிக்கும் பிள்ளை ஒரு வருடத்தில் கற்பது கஷ்டம். பதிவு செய்த பாட்டு உங்கள் பிள்ளைக்காகக் காத்திருக்காது, உங்கள் பிள்ளையைக் கேட்கவும் மாட்டாது. பாடுகிற மனிதர்கள் மூச்சு எடுப்பார்கள், சற்று இழுப்பார்கள், பிள்ளையைத் திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டில் அக்கா பாடினாலும், அம்மா ஒரு தேவாரம் பாடினாலும் போதும். ‘ஃபில்’ என்று சொல்லும் உருட்டலை எங்கே போட வேண்டும் என்பதும் பாடுகிறவர் மூச்சு எடுக்கும் இடத்தைக் கேட்டுத்தான் பிள்ளைக்கு விளங்கும்.

பாட்டை எப்படிக் கேட்கிறது என்பதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. இதைத் தயவுசெய்து பாரமாக எடுங்கள். ட்ரம்ஸின் சத்தம் சிறிய அறையில் 100 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். தொழிற்பாதுகாப்புக் கணக்கின்படி 85 டெசிபலில் பெரியவர் ஒருவர் எட்டு மணித்தியாலம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகிறது. 100இல் கிடைப்பது வெறும் 15 நிமிடம். பிள்ளைகளின் காதுக்கு இன்னும் கூடிய கவனம் வேண்டும். கல் சுவரும் தகரக் கூரையும் உள்ள நம் அறைகளில் சத்தம் போக இடமில்லாமல் திரும்பித் திரும்பி அடிக்கும். அதற்குள் பிள்ளை சாதாரண இயர்போனை மாட்டி, ட்ரம்ஸ் சத்தத்துக்கு மேலே பாட்டுக் கேட்க வேண்டும் என்று வொலியூமைக் கூட்டுகிறது. இரண்டு சத்தமும் சேர்ந்து காதுக்குள் போகிறது. வெளிச்சத்தத்தைத் தடுக்கும், காதை முழுதாக மூடுகிற ஹெட்போனை வாங்கிக் கொடுங்கள். அதில் பாட்டைக் குறைந்த சத்தத்தில் வைத்தாலே கேட்கும். இல்லாவிட்டால் ட்ரம்ஸ் மேல் துணியை விரித்து அடிக்கட்டும். வீட்டுப் பயிற்சியில் பாதியைப் பயிற்சி ரப்பரில் செய்யலாம். பயிற்சி முடிந்தபின் காதில் இரைச்சல் கேட்கிறது என்று பிள்ளை சொன்னால், அன்றைக்கே சத்தத்தையும் நேரத்தையும் குறைக்க வேண்டும். இரைச்சல் தொடர்ந்தால் காது வைத்தியரிடம் காட்டுங்கள்.

அப்படியென்றால் பிள்ளை ஆசைப்பட்ட அந்தக் குத்துப் பாட்டு?

அதைக் கைவிடச் சொல்ல மாட்டேன். வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் அதற்கு. முழுப் பாட்டும் அல்ல, பல்லவியின் முதல் இரண்டு வரி மட்டும், பாதி வேகத்தில். அடுத்த மாதம் இன்னும் இரண்டு வரி. கலைவிழாவுக்கு முதல் அது தயாராகாவிட்டால் வேறு பாட்டோடு மேடையேறட்டும். தேதிக்காக வேகத்தை ஏற்ற வேண்டாம். எந்தப் பாட்டோடு மேடையேறுவது என்பதைப் பிள்ளையிடமும் கேளுங்கள். “இதை நிக்காம அடிப்பன்” என்று பிள்ளையே ஒரு பாட்டைக் காட்டினால், அது எவ்வளவு சின்னப் பாட்டானாலும் அதையே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.