தார் வெயிலில் காயும் வண்ணம்

தார் பாலைவனத்தில் உட்கார்ந்து நீர்வண்ணத்தில் வரைகிறவர்களுக்கு யோசிக்க நேரம் கிடைப்பதில்லை. ஜெய்சல்மேருக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கின்றன சாம் மணல்மேடுகள். அங்கே டிசம்பர் மாதத்துப் பகலில் தாள் முழுவதும் மெல்லிய பூச்சு ஒன்றை இழுத்துவிட்டு, அடுத்த வண்ணத்தைக் குழைக்கத் தலை குனிந்தால், நிமிர்வதற்குள் மேல்மூலை காய்ந்திருக்கும். பென்சிலால் கோடு போட்டு, வரிசைப்படி வண்ணம் தீட்டிப் பழகியவர் தவித்துப்போகிறார். கை போன போக்கில் வரைகிறவருக்குத்தான் அந்த இடம் வசப்படுகிறது.

தில்லித் தமிழர்களில் ஞாயிறு காலைகளில் லோதி தோட்டத்திலும் ஹுமாயூன் கல்லறை வளாகத்திலும் தாளும் பிரஷ்ஷுமாக உட்காரும் சிறு கூட்டம் எங்களுடையது. குளிர்கால விடுமுறையில் ரயிலேறி ராஜஸ்தான் பக்கம் போவது எங்கள் வழக்கம். முன்கூட்டித் திட்டமிடாமல் உள்ளுணர்வில் வரைவதை மனநிலை சார்ந்த விஷயமாகவே பலரும் பேசுகிறார்கள். மனத்தைக் காலியாக்கு, கையை விடு என்பார்கள். எனக்கு அது போதவில்லை. பாலைவனத்தில் உள்ளுணர்வு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, நீர் என்ன செய்யப்போகிறது என்பதைக் கண்ணும் கையும் முந்திக்கொண்டு படிப்பதுதான். நீரின் இயற்பியல் தெரிந்தவரின் கை இன்னும் தாராளமாக ஓடுகிறது.

முதலில் காய்வதைப் பார்ப்போம். நீர் எவ்வளவு வேகமாக ஆவியாகும் என்பதை வெயிலின் சூடு மட்டும் தீர்மானிப்பதில்லை. இன்னும் எவ்வளவு நீராவியை ஏற்கக் காற்றில் இடம் இருக்கிறது என்பதே முக்கியமான கணக்கு. காற்று நீராவியால் முழுக்க நிறைந்திருக்கும்போது அந்த நீராவி தரும் அழுத்தமே உச்சம்; அழுத்தத்தை அளக்கும் கிலோபாஸ்கல் கணக்கில் 32 டிகிரி செல்சியஸில் அது சுமார் 4.8. தில்லியில் ஆகஸ்ட் மாதம் ஈரப்பதம் 80 சதவீதமாக இருக்கும் ஒரு நாளில், மிச்சமிருக்கும் இடம் ஒரு கிலோபாஸ்கல்கூட இல்லை. மே மாதம் 42 டிகிரி வெயிலில் அந்த உச்சம் 8.2 ஆக ஏறுகிறது. ஈரப்பதம் 15 சதவீதமாக இறங்கினால் மிச்ச இடம் ஏறத்தாழ 7 கிலோபாஸ்கல். அதாவது காற்றின் தாகம் ஏழு மடங்கு. ராமகிருஷ்ணபுரத்தில் எங்கள் மாடிக்குக் கீழே குடியிருக்கும் மாமிக்கு இந்தக் கணக்கு வேறு வழியில் தெரியும். கோடையில் வாசல் தெளித்தால், புள்ளி வைத்து முடிப்பதற்குள் சிமென்ட் தரை காய்ந்துவிடுகிறது என்பார். ஈரமில்லாத தரையில் கோலமாவு பிடிக்காமல் காற்றோடு போய்விடும். அதனால் மே, ஜூனில் அவர் பாதி வாசலை மட்டும் நனைத்து, பாதிக் கோலத்தை இழுத்துவிட்டுத்தான் மறுபாதிக்கு நீர் தெளிப்பார்.

டிசம்பர் பாலைவனத்தில் அவ்வளவு சூடு இல்லை. 24 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் மிச்ச இடம் சுமார் 2 கிலோபாஸ்கல். தில்லி ஆகஸ்டைப் போல இரு மடங்கு. போதாததற்குக் காற்று. ஈரத் தாளின் மேலே நீராவி நிறைந்த மெல்லிய காற்றுப் படலம் ஒன்று படிந்து, மேற்கொண்டு ஆவியாவதைத் தடுத்துக்கொண்டிருக்கும். மணல்மேட்டின் உச்சியில் அந்தப் படலம் நிற்பதே இல்லை. தில்லியின் ஜனவரி மூடுபனியில் நிலைமை நேரெதிர்: காற்றில் இடமே இருக்காது, பூச்சு காயவே காயாது.

ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தின் ஒரு பகுதி தாளிலிருந்தே எடுக்கப்படுவதால், ஈரம் இருக்கும்வரை தாள் சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். பளபளப்பு போய்விட்ட தாள், கண்ணுக்குக் காய்ந்ததாகத் தெரியும். புறங்கையை லேசாக வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் நீர் இருக்கிறது. கண்ணைவிடத் தோலை நம்பலாம். பாலைவனத்தில் நான் புதியவர்களுக்கு முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

காய்வதற்கு ஒரு வடிவமும் இருக்கிறது. மேசையில் சிந்திய பில்டர் காபித் துளி காய்ந்தால் நடுவில் வெளிறி, விளிம்பில் கறுத்த வளையம் விழுமே, அதற்கான காரணத்தைச் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டீகனும் சக ஆய்வாளர்களும் 1997இல் தெளிவாக விளக்கினார்கள். துளியின் விளிம்பு பரப்பில் ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்கிறது. மெல்லிய விளிம்பில் நீர் வேகமாக ஆவியாகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் வெளிநோக்கி ஓடுகிறது, ஓடும்போது துகள்களையும் இழுத்துச் சென்று கரையில் சேர்க்கிறது. நீர்வண்ணப் பூச்சின் ஓரத்தில் தானாக விழும் அழுத்தமான கோடும் இப்படி உண்டாவதுதான். மணல்மேட்டின் முகட்டுக் கோட்டை நான் தனியாக வரைவதே இல்லை. நீர் நிறைந்த பிரஷ்ஷால் வெயில் படும் பக்கத்தை ஒரே இழுப்பில் நிரப்பிவிட்டுக் காத்திருந்தால், முகட்டில் மயிரிழை போல ஒரு கோடு வந்து நிற்கும். கையால் போட்டால் அந்த மென்மை வராது.

பாதி காய்ந்த பூச்சில் நீர் அதிகமுள்ள பிரஷ் பட்டால் வேறொன்று நடக்கிறது. புதிய நீர், ஈரம் குறைந்த பக்கம் பரவி, அங்கே இளகிக் கிடக்கும் நிறமியைத் தள்ளிக்கொண்டு போய், பூப்போல விரிந்த ஒரு கறையாக நிற்கும். ஒருமுறை எங்களோடு வரைய உட்கார்ந்த மாமி அப்படிப்பட்ட பூச்சில் பிரஷ்ஷை வைக்கப் போனபோது, "மாமி, கொஞ்சம் பொறுங்கள், அது காயட்டும்" என்றேன். "நீ பொறுத்துக்கொண்டே இரு கண்ணா, தண்ணீர் பொறுக்காது" என்று சொல்லிவிட்டு வைத்தார். அந்தக் கறை வானத்தில் புழுதிப் படலமாக மிக அழகாக உட்கார்ந்தது. வாசலில் பல்லாண்டுகளாக ஈரத்தோடு போட்டியிட்ட கை அது; எந்த ஈரத்தில் எது பரவும் என்பது அதற்குச் சொல்லாமலே தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. ஈர மணல் ஏன் கருமையாகத் தெரிகிறது? நீருக்கு நிறமில்லை, மணலிலும் எதுவும் மாறவில்லை. தார் மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்னும் கனிமம். உள்ளே நுழையும் ஒளியை ஒரு பொருள் எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்லும் ஒளிவிலகல் எண் அதற்குச் சுமார் 1.54. காற்றுக்கு 1, நீருக்கு 1.33. உலர்ந்த மணலில் ஒளி காற்றிலிருந்து குவார்ட்ஸுக்குள் நுழையும்போது எண்களின் வேறுபாடு பெரிது. ஒளி பலமாகச் சிதறி, விரைவிலேயே மேலே திரும்பி நம் கண்ணுக்கு வந்துவிடுகிறது. மணல் வெளிறித் தெரிகிறது. துகள்களுக்கு நடுவே நீர் புகுந்தால் வேறுபாடு குறைகிறது. ஒளி அதிகம் திரும்பாமல் முன்னோக்கியே போகிறது, ஆழத்தில் இன்னும் பல துகள்களைத் தொடுகிறது, ஒவ்வொரு தொடுதலிலும் அவற்றின் மேலுள்ள இரும்பு ஆக்சைடு பூச்சால் கொஞ்சம் விழுங்கப்படுகிறது. திரும்பி வருவது குறைவு. அதனால் கருமை, அதனாலேயே நிறத்தின் அடர்த்தி.

நீர்வண்ணம் ஈரமாக இருக்கையில் ஆழ்ந்தும், காய்ந்த பின் வெளிறியும் தெரிவதற்கும் இதே இயற்பியல்தான் காரணம். நிறமித் துகள்களுக்கும் தாளின் நாருக்கும் இடையே இருந்த நீர் போய்க் காற்று நிரம்புகிறது, சிதறல் கூடுகிறது, படம் ஒரு படி வெளுக்கிறது. பாலைவனத்தில் இந்த மாற்றம் கண்ணெதிரே, கிட்டத்தட்ட உடனுக்குடன் நடக்கிறது. மூடுபனியில் வரைந்தால் முடிவு தெரிய நெடுநேரம் ஆகும். இங்கே ஒவ்வொரு கோட்டுக்கும் பதில் உடனே வந்துவிடுகிறது. செயலுக்கும் விளைவுக்கும் இடைவெளி குறையும்போதுதான் கை வேகமாகக் கற்கும். வேண்டியதைவிட ஒரு படி அழுத்தமாகப் பூசும் பழக்கம் ஒரு காலை நேரத்திலேயே படிந்துவிடுவதைப் புதியவர்களிடம் பார்த்திருக்கிறேன்.

நிழலைச் சாம்பல் நிறத்தில் தீட்டுகிறவர்கள் மணல்மேட்டில் ஒருமுறை நன்றாகப் பார்க்க வேண்டும். நிழலுக்குள் சூரியன் நேரடியாக வருவதில்லை, வானம்தான் வெளிச்சம் தருகிறது. காற்றின் மூலக்கூறுகள் 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை, 650 நானோமீட்டர் சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறடிக்கின்றன. சுற்றிலும் மஞ்சளும் ஆரஞ்சுமாக மணல் இருப்பதால், எதிர்நிறத்தை மிகைப்படுத்தும் நம் பார்வை அந்த நீலத்தை இன்னும் கூட்டிக் காட்டுகிறது. கோடையில் புழுதிக்காற்று எழுந்தால் கதை மாறும். பெரிய தூசித் துகள்கள் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரேபோலச் சிதறடிப்பதால் வானம் வெளுத்து, நிழலின் நீலமும் போய்விடும்.

வெயிலில் நேரடியாகத் தாளை வைத்து வரைவது நல்லதல்ல. நண்பகல் வெளிச்சம் சுமார் ஒரு லட்சம் லக்ஸ், வீட்டு அறையில் சில நூறுதான். ஒளி கூடும்போது நிறங்கள் செறிவாகத் தெரியும், இதை ஆர். டபிள்யூ. ஜி. ஹன்ட் 1952இல் விவரித்தார். மணலில் ஜொலித்த படம் தில்லிக்கு வந்து டியூப்லைட்டின் கீழே மங்கிப்போவதற்குப் பாதிக் காரணம் இதுவே. சூரியனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, சொந்த நிழலைத் தாளின் மேல் விழச் செய்வது எளிய தீர்வு. சரிவுகளிலும் கண்ணை முழுக்க நம்பக் கூடாது. மணல்மேட்டின் செங்குத்தான பக்கம் 34 டிகிரியை ஒட்டியே நிற்கும். அதற்கு மேல் மணல் சரிந்துவிடும். மனிதர்கள் 5 டிகிரிச் சரிவையே 20 டிகிரி என்று மதிப்பிடுவதை டென்னிஸ் பிராபிட் குழு 1995இல் காட்டியது. முதல் படங்களில் எல்லாரும் மணல்மேட்டை மலையாக வரைவது இதனால்தான்.

இப்படித் திட்டமிடாமல் உள்ளுணர்வில் செயல்படும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது? சார்லஸ் லிம், ஆலன் பிரவுன் இருவரும் 2008இல் ஆறு ஜாஸ் பியானோ கலைஞர்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து வாசிக்கச் செய்தார்கள். மனப்பாடமான இசையைவிட, அந்தக் கணத்தில் கற்பனையாக வாசித்தபோது, திட்டமிடுதலோடும் தன்னைத்தானே கண்காணிப்பதோடும் தொடர்புள்ள முன்மூளைப் பக்கவாட்டுப் பகுதிகளின் செயல்பாடு தணிந்தது. ஆறு பேர் என்பது சிறிய எண்ணிக்கை, அது இசையைப் பற்றியது. ஓவியத்துக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் ஒன்று கவனிக்கத்தக்கது: அவர்கள் எல்லாரும் தேர்ந்த கலைஞர்கள். கண்காணிப்பைத் தளர்த்தினாலும் வாசிப்பு சிதறாததற்கு, கையில் ஏற்கெனவே ஊறியிருந்த பயிற்சி காரணம் என்று நான் நினைக்கிறேன்.

வரைவதற்கான வண்ணத்தையே வழியில் கிடைக்கும் மண்ணிலிருந்து செய்வதில் எங்கள் கூட்டத்துக்குப் பெரும் ஈடுபாடு. பாதுகாக்கப்பட்ட தேசியப் பூங்காவின் எல்லைக்குள் மண்ணைத் தொடக் கூடாது. மற்ற இடங்களில், உரியவர்களைக் கேட்டுக்கொண்டு, ஒரு கைப்பிடி போதும். மண்ணின் மஞ்சளுக்குக் காரணம் கோத்தைட், சிவப்புக்குக் காரணம் ஹேமடைட். இரண்டும் இரும்புச் சேர்மங்கள். கோத்தைட்டைச் சுமார் 300 டிகிரிக்குச் சூடேற்றினால் அதிலுள்ள நீர் வெளியேறி ஹேமடைட்டாக மாறிவிடும். மாமி மஞ்சள் மண்ணைப் பழைய இரும்புச் சட்டியில் வறுக்கும்போது, ஓரத்திலிருந்து தொடங்கிச் சட்டி முழுவதும் காவி ஏறும். ராஜஸ்தான் கிராமத்துப் பெண்கள் மாண்டனா என்னும் தரைக்கோலம் வரையத் தரைக்குப் பூசும் கேரு என்ற செம்மண்ணும், நம் வாசலில் கோலத்துக்குக் கரை கட்டும் காவியும் இதே ஹேமடைட்தான்.

மண்ணை நீரில் கலக்கிச் சற்று விட்டு, மேல்நீரை வேறு பாத்திரத்துக்கு வடிக்க வேண்டும். நீரில் துகள் அமரும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 50 மைக்ரான் துகளைவிட 5 மைக்ரான் துகள் நூறு மடங்கு மெதுவாக இறங்கும். மணல் கீழே நிற்க, நிறமுள்ள நுண்துகள் மேல்நீரோடு வந்துவிடும். அது தெளிந்து படிந்ததும் பிசின் சேர்க்க வேண்டும். கடைகளில் விற்கும் நீர்வண்ணக் கட்டிகளிலும் இருப்பது அரபுப் பிசின். அதைத் தரும் மரத்தைத் தார் பகுதியில் குமட் என்கிறார்கள். பட்டையில் கீறினால் பிசின் வடியும். ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையம் அந்த விளைச்சலைக் கூட்டும் முறையையும் உருவாக்கியிருக்கிறது. பிசின் மட்டும் சேர்த்த கட்டி வறண்ட காற்றில் வெடித்து உதிரும்; ஒரு துளி தேன் காற்றின் ஈரத்தைப் பிடித்துவைத்து அதைத் தடுக்கும். தேன் கூடிவிட்டால் தில்லி மழைக்காலத்தில் கட்டி இறுகாமல் விரலில் ஒட்டும். அதனால் டிசம்பரில் செய்யும் கட்டிக்குத் தாராளமாகவும் ஜூலையில் செய்வதற்குச் சிக்கனமாகவும் தேன் விடுகிறோம்.